டைட் எண்டுக்கு மட்டும் ஏன் பாதி விலை? விருது, டிராஃப்ட், சம்பளம்

மூன்றாம்_டவுன் (கேள்வி)

அமெரிக்கக் கால்பந்தில் பிளாக் செய்யவும் (எதிராளியைத் தடுக்கவும்), பாஸ் பிடிக்கவும் வேண்டியவர் டைட் எண்ட். அந்த நிலையில் ஆடும் பிராக் பவர்ஸ் விஷயத்தில் எனக்குக் கணக்கு இடிக்கிறது. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் 2022, 2023 இரண்டு வருடமும் மேக்கி விருது (கல்லூரி ஆட்டத்தின் சிறந்த டைட் எண்டுக்குத் தருவது). அதை இரண்டு முறை வாங்கிய முதல் ஆள் அவர்தான். ஆனால் 2024 டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை என்எஃப்எல் அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) 13ஆவது இடம் வரை காத்திருந்தார். ரெய்டர்ஸ் அணியில் முதல் சீசனிலேயே 112 கேட்ச், 1,194 யார்டு. இவ்வளவு கேட்ச் அதுவரை எந்தப் புதுமுகமும் பிடித்ததில்லை, வைட் ரிசீவர்களையும் (பாஸ் பிடிப்பதே முக்கிய வேலையாக உள்ளவர்கள்) சேர்த்து. புதுமுக டைட் எண்டுகளில் மைக் டிட்கா 1961இல் எடுத்த 1,076 யார்டும் பின்னால் போய்விட்டது.

சம்பளத்திலும் இதே கதைதான். 2025இல் ஜார்ஜ் கிட்டிலின் புது ஒப்பந்தம் ஆண்டுக்குச் சராசரி 19.1 மில்லியன் டாலர். ஒரு மாதம் முன்பு வைட் ரிசீவர் ஜமார் சேஸ் வாங்கியது 40.25 மில்லியன். அணிகள் தப்புக் கணக்குப் போடுகின்றனவா, அல்லது விதியே அப்படித்தானா? முதல் பத்துக்குள் டைட் எண்டை எடுப்பது சரியா?

கேப்_கணக்கு

2024இல் பவர்ஸுக்கு முன்னால் போன 12 பேரையும் எண்ணிப் பாருங்கள். 6 குவார்ட்டர்பேக் (பந்தை வீசுபவர்), 3 வைட் ரிசீவர், 3 டேக்கிள் (தாக்குதல் லைனின் ஓரத்தில் நின்று தடுப்பவர்). தற்காப்பு வீரர் ஒருவர்கூட இல்லை. அதாவது அவர் திறமைக்குப் பின்தங்கவில்லை, விலை கூடிய மூன்று நிலைகளுக்குப் பின்தங்கினார்.

காரணம் புதுமுகச் சம்பள அட்டவணை. ஒரு புதுமுகத்தின் சம்பளத்தைத் தேர்வு எண்தான் தீர்மானிக்கும், ஆடும் நிலை அல்ல. 2021ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 4ஆவதாகக் கைல் பிட்ஸ் அட்லாண்டாவுக்கு, 5ஆவதாகச் சேஸ் சின்சினாட்டிக்கு. டிராஃப்ட் வரலாற்றில் பிட்ஸை விட முன்னால் போன டைட் எண்ட் கிடையாது. அவருக்கு நான்கு வருடத்துக்கு 32.9 மில்லியன், ஆண்டுக்கு சுமார் 8.2. அப்போது டைட் எண்டுகளில் உச்சச் சம்பளம் கிட்டிலின் 15 மில்லியன். ஆக, பிட்ஸ் முதல் நாளே லீக்கின் தலைசிறந்த டைட் எண்டாக ஆடியிருந்தாலும் அட்லாண்டாவுக்கு மிச்சம் ஆண்டுக்கு 7 மில்லியனுக்குக் கீழேதான். சேஸுக்கு ஆண்டுக்கு சுமார் 7.7; ரிசீவர் உச்சம் அப்போது டிஆண்ட்ரே ஹாப்கின்ஸின் 27.25. மிச்சம் 19க்கு மேல். அடுத்தடுத்த இரண்டு தேர்வு, லாபத்தில் இவ்வளவு வித்தியாசம்.

இன்னொரு பக்கம், பின் சுற்றுகளில் இந்த நிலைக்குச் சரக்கு கிடைக்கிறது. சாம் லபோர்ட்டா 34, கிராங்கௌஸ்கி 42, டிரே மெக்பிரைட் 55, கெல்சி 63, மார்க் ஆண்ட்ரூஸ் 86, கிட்டில் 146. அண்டோனியோ கேட்ஸை யாரும் டிராஃப்ட் செய்யவே இல்லை. 2025இல் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார். அயோவாவில் கிட்டில் மொத்தமே 48 கேட்ச்தான். ஓட்டத்தை நம்பிய அணியில் பிளாக் செய்தே காலம் போனது. கல்லூரி எண்களை மட்டும் பார்த்தவர்கள் அவரைத் தவறவிட்டார்கள்.

முதல் பத்துக்குள் நான் எடுக்க மாட்டேன்.

டேக்_விதி

சம்பளம் பாதியாக இருப்பதற்கு வேர் ஃபிரான்சைஸ் டேக், அதாவது ஒப்பந்தம் முடியும் வீரரை விதி நிர்ணயித்த சம்பளத்தில் அணி இன்னொரு வருடம் தக்கவைக்கும் உரிமை. அதை ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியாகக் கணக்கிடுகிறார்கள், அதுவும் கடந்த ஐந்து வருடம் அந்த நிலையின் டேக் தொகை சாலரி கேப்பில் (அணியின் மொத்தச் சம்பள உச்சவரம்பு) எத்தனை சதவீதம் என்பதை வைத்து. நேற்று குறைவாக வாங்கியவர்கள்தான் இன்றைய டேக்கையும் குறைக்கிறார்கள். 2025இல் டைட் எண்ட் டேக் 13.829 மில்லியன், வைட் ரிசீவர் டேக் 23.959.

பேரம் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். இரண்டாம் முறை டேக் போட்டால் குறைந்தது 120 சதவீதம் தர வேண்டும். டைட் எண்டுக்கு 13.83 + 16.59, இரண்டு வருடத்துக்கு சுமார் 30.4 மில்லியன். ரிசீவருக்கு 23.96 + 28.75, சுமார் 52.7. நீண்ட ஒப்பந்தத்தில் உறுதியளிக்கும் பணத்தை இரு தரப்பும் இந்தத் தொகையிலிருந்துதான் பேச ஆரம்பிக்கும்.

2014இல் நியூ ஆர்லியன்ஸின் ஜிம்மி கிரஹாம், தன்னை ரிசீவராகக் கணக்கிட வேண்டும் என்று இதை எதிர்த்து வழக்காடினார். முந்தைய சீசனில் 86 கேட்ச், 1,215 யார்டு, 16 டச்டவுன். 67 சதவீத ஸ்னாப்புகளில் (பந்தைக் கொடுத்து ஆட்டம் தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்னாப்) லைனை விட்டு விலகி, ஸ்லாட்டிலோ (லைனுக்கும் வெளி ரிசீவருக்கும் இடைப்பட்ட இடம்) இன்னும் வெளியிலோ நின்றார். விதிப்படி எந்த நிலையில் அதிகம் ஆடினாரோ அதற்குரிய டேக்தான் போட வேண்டும். ஆனால் நடுவர் ஸ்டீபன் பர்பேங்க், டேக்கிளிலிருந்து நான்கு யார்டுக்குள் ஸ்லாட்டில் நின்றாலும் அது டைட் எண்ட் நிலைதான் என்று தீர்ப்பளித்தார். ரிசீவர் டேக்கான 12.312 மில்லியன் கேட்டவருக்கு 7.035. கடைசியில் நான்கு வருடம், 40 மில்லியன் என்று நியூ ஆர்லியன்ஸுடன் முடிந்தது. அந்த நான்கு யார்டு கோடு எனக்கு இன்றும் நியாயமாகப் படவில்லை. ஸ்லாட் ரிசீவரும் பல நேரம் அதற்குள்தான் நிற்கிறார்.

முதல் சுற்றில் போனவர்களின் ஐந்தாம் வருட ஆப்ஷனையும் (புதுமுக ஒப்பந்தத்தை அணி ஒரு வருடம் நீட்டிக்கும் உரிமை) கவனியுங்கள். விருது நேராகப் பணமாக மாறும் இடம் அது. முதல் அறிவிப்பிலேயே ஒருமுறை ப்ரோ பௌலுக்கு (லீக்கின் நட்சத்திர அணி) தேர்வானால் டிரான்சிஷன் டேக் (ஃபிரான்சைஸ் டேக்கை விடக் குறைவான இன்னொரு டேக்) அளவு, இரண்டு முறை என்றால் ஃபிரான்சைஸ் டேக் அளவு. பிட்ஸ் ஒருமுறை போனார், 2025க்கு 10.878 மில்லியன். மாற்று வீரராகப் போனால் கணக்கில் வராது. ஒரு கான்ஃபரன்ஸுக்கு (லீக்கின் இரு பாதிகளில் ஒன்று) ரிசீவர் இடம் நான்கு, டைட் எண்ட் இடம் இரண்டே.

பின்கை_பிளாக்

விருதுகளில் நிலைமை இன்னும் மோசம். ஹைஸ்மன் (கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரர் விருது) வாங்கிய எண்டுகள் (டைட் எண்டுக்கு முன்னோடியான பழைய நிலை) இருவர்: 1936இல் யேலின் லாரி கெல்லி, 1949இல் நோட்ரடேமின் லியோன் ஹார்ட். அதற்குப் பிறகு யாரும் இல்லை. வாக்கெடுப்பில் 2020இல் பிட்ஸ் 10ஆவது, 2024இல் பென் ஸ்டேட்டின் டைலர் வாரன் 7ஆவது. யுஎஸ்சிக்கு எதிராக வாரன் 17 கேட்ச், 224 யார்டு எடுத்தார். அதே ஆட்டத்தில் சென்டராக (லைனின் நடுவில்) நின்று பந்தை ஸ்னாப் செய்துவிட்டு ஓடி, டச்டவுனையும் அவரே பிடித்தார். என்எஃப்எல் எம்விபியை (சீசனின் மிக மதிப்புமிக்க வீரர் விருது) ஒரு டைட் எண்ட் கூட வாங்கியதில்லை.

ஏனென்றால் வேலையில் பாதி ஸ்கோர் அட்டையில் ஏறுவதில்லை. ஸ்பிளிட் ஜோன் என்ற ஓட்ட உத்தியைப் பாருங்கள். முழு லைனும் ஒரு பக்கம் நகரும்போது டைட் எண்ட் மட்டும் அதன் பின்னால் எதிர்த் திசையில் குறுக்கே வந்து, யாரும் தடுக்காமல் விட்ட எட்ஜ் வீரரை (எதிரணி லைனின் ஓரத்தில் நிற்பவர்) அடைக்க வேண்டும். அரை அடி தாமதித்தால் ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) பின்பக்கம் வெட்டும் வழியே மூடிவிடும். சரியாகச் செய்தால் 8 யார்டு, அது ரன்னிங் பேக் பெயரில். அடுத்த ஸ்னாப்பில் அதே குறுக்கோட்டம், ஆனால் பிளாக் செய்யாமல் ஃபிளாட்டுக்கு (லைனின் பக்கவாட்டுக் காலியிடம்) நழுவி பாஸ் வாங்குவார். எட்ஜ் வீரர் தயங்குவதற்கே அந்த இரட்டை வேடம்தான் காரணம்.

அதனால் கேப்_கணக்கு சொல்வதை முழுதாக ஏற்க முடியவில்லை. இரண்டு டைட் எண்ட் நின்றால் எதிரணி நிக்கலில் (பாஸைத் தடுக்க ஐந்து பின்வரிசை வீரர்கள்) இருப்பதா, பேஸுக்கு (ஓட்டத்தைத் தடுக்க ஏற்ற வழக்கமான அமைப்பு) போவதா என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க வேண்டும். பிளாக்கும் பாஸும் இரண்டும் தெரிந்தவர் இருந்தால் இரண்டு முடிவுமே தப்பாகும். சம்பள மிச்சக் கணக்கில் இது வராது. 2025இல் கோல்ஸ்டன் லவ்லண்ட் 10ஆவதாகச் சிகாகோவுக்கும், வாரன் 14ஆவதாக இண்டியானாபொலிஸுக்கும் போனது எனக்குச் சரியாகவே படுகிறது.

மூன்றாம்_டவுன்

புரிகிறது. அப்படியானால் டிராஃப்டுக்கு முன் எதைப் பார்த்து மதிப்பிடுவது?

கேப்_கணக்கு

கேட்ச் எண்ணிக்கையைக் கடைசியில் பாருங்கள். முதலில் டேக்கிளை ஒட்டிக் கை ஊன்றி நின்ற ஸ்னாப்புகள் எத்தனை, அவற்றில் டிஃபென்சிவ் எண்டைத் தனியாகத் தடுத்தது எத்தனை. அடுத்து, பாஸ் வாங்க ஓடிய ஒவ்வொரு ரூட்டுக்கும் (ஓட்டப் பாதை) எத்தனை யார்டு. ஸ்கிரீன் பாஸில் (முன்னால் தடுப்பாளர்களை நிறுத்தி வீசும் குறுகிய பாஸ்) வந்த யார்டைக் கழித்துவிட்டுப் பார்த்தால் உண்மை தெரியும். கடைசியாக, மேன் கவரேஜில் (ஒருவருக்கு ஒருவர் காவல்) சேஃப்டியை (கடைசி வரிசைத் தற்காப்பாளர்) தாண்டினாரா, அல்லது ஜோனில் (இடத்தை மட்டும் காக்கும் முறை) காலியாக நின்று வாங்கினாரா. மூன்றிலும் தேறுகிறவர் அபூர்வம். அப்படி ஒருவர் வந்தால், பின்கை_பிளாக் சொல்கிற மாதிரி, 10ஆவது இடத்திலும் எடுக்கலாம். 4ஆவதில் வேண்டாம்.