மாசாய் மாரா: வேலி போட வைத்தது குத்தகைப் பாக்கியா, பட்டாவா?

காராமணி:
“டூரிஸ்ட் வரவில்லை என்றால் மாசாய்கள் சிங்கத்தைக் கொல்லக் கிளம்பிவிடுவார்கள், 2020-இல் அதுதான் நடந்தது” என்று பக்கத்து இழையில் ஒருவர் அடித்துவிட்டிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அந்த மார்ச் கடைசியில் கென்யா வெளிநாட்டு விமானங்களை நிறுத்தியது, ஆகஸ்டில்தான் மறுபடி விட்டது. அப்போது முதலில் அடிவாங்கியது குத்தகைப் பணம். மாசாய் மாரா ரிசர்வைச் (அரசு வனவிலங்குக் காப்பகம்) சுற்றியுள்ள நபோய்ஷோ, மாரா நார்த், ஓல் கின்யெய் கன்சர்வன்சிகள் அரசுக் காடு இல்லை. மாசாய் குடும்பங்களின் பட்டா நிலம், பல இடங்களில் ஆளுக்குச் சுமார் 150 ஏக்கர். வீட்டை வெளியே மாற்றி, மேய்ச்சலை முறைவைத்துக் குறைத்துக்கொண்டால் சுற்றுலா முகாம் நடத்துபவர்கள் குத்தகை தர வேண்டும். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி வைத்தது. முகாம்கள் காலியானதும் பல இடங்களில் அதைக் குறைத்தார்கள், தள்ளிப்போட்டார்கள். பணம் நின்றால் நிலத்துக்காரர் ஈட்டியைத் தூக்க மாட்டார். வேலி போடுவார். ஆபத்து அதில்தான் இருக்கிறது.

நிலவளவன்:
குத்தகைப் பாக்கியால் வேலி வந்தது என்று யார் சொன்னது? மாராவை ஒட்டிய கொயாக்கி பொது மேய்ச்சல் நிலத்தைப் பங்குபோட்டுப் பட்டா கொடுத்தார்களே, வேலிக்கு விதை அங்கே. மாரா வட்டாரத்தில் வேலி பரவுவதைச் செயற்கைக்கோள் படங்களில் அளந்து காட்டிய ஆய்வு 2017-இலேயே வந்துவிட்டது. கொரோனாவுக்கு மூன்று வருடம் முன்பு! மழை தப்பினால், நீங்கள் மேய்க்காமல் விட்டுவைத்த புல்லை அடுத்தவர் மாடு வந்து மொட்டையடித்துவிடும். கம்பி இழுத்தால் புல் மிஞ்சும். பட்டா கொடுத்தால் வேலி வரும், அவ்வளவுதான்.

சிறுகுடி:
ரெண்டு பேரும் வேலி என்னமோ பாவம் மாதிரி பேசுறீங்க. வேலிதாங்க சிங்கத்தைக் காப்பாத்துது. முள்ளுக் கிளையை அடுக்கின பழைய பட்டில, ராத்திரி சிங்க வாடை அடிச்சதும் மாடு மிரண்டு முள்ளைப் பிச்சுக்கிட்டு வெளிய ஓடும். வெளிய காத்திருக்கிற சிங்கம் அடிக்கும். விடிஞ்சா பழிவாங்கக் கிளம்புவாங்க. அதே பட்டிக்கு ஆள் உயரத்துக்கு மேல வலைக்கம்பி போட்டா மாடு வெளிய வராது. மரக்கம்பத்தைக் கரையான் தின்னுடும், அதனால மறுசுழற்சி பிளாஸ்டிக் கம்பம். அடிப்பக்கம் மண்ணுல புதைக்கணும், இல்லைன்னா கழுதைப்புலி தோண்டி உள்ள வந்துடும். எல்லாத்தையும் சரியாப் பண்ணிட்டு வாசலுக்கு முள்ளுக் கட்டை இழுத்து வெச்சா மொத்தமும் வீண். வாசல் கதவுக்கு யார் காசு குடுக்கறது? டூரிஸ்ட் வந்தப்போ முகாம்காரங்களும் அறக்கட்டளைகளும் பங்கு போட்டாங்க.

நிலவளவன்:
சிறுகுடி, வேலி கன்றுகளைக் கொல்கிறது. லொய்ட்டா சமவெளியிலிருந்து மாராவுக்கு வரும் காட்டெருதுக் (வில்டபீஸ்ட்) கூட்டமும் வரிக்குதிரையும் கம்பியில் மாட்டிக்கொள்கின்றன, இல்லையென்றால் வழி தெரியாமல் நீளமாகச் சுற்றுகின்றன. வேலியை இங்கே யாரும் புகழ வேண்டாம்.

சிறுகுடி:
நான் சொன்னது மாட்டுப்பட்டி வேலி!

நிலவளவன்:
வேலி வேலிதான். காராமணிக்கு வருகிறேன். நபோய்ஷோவில் 2020-இல் பணம் குறைந்ததே, கன்சர்வன்சி கலைந்ததா? கலையவில்லை. பாக்கிதான் வேலிக்குக் காரணம் என்றால் அங்கே ஏன் வேலி முளைக்கவில்லை?

காராமணி:
அதே நபோய்ஷோவைத்தான் நானும் கேட்கிறேன். சுமார் 50,000 ஏக்கர், ஐந்நூறுக்கு மேற்பட்ட பட்டாதாரர்கள். எல்லோர் கையிலும் பட்டா இருக்கிறது. உள்ளே வேலி இல்லை. பட்டா கொடுத்தால் வேலி வரும் என்றீர்களே, எங்கே அந்த வேலி? குத்தகை பிடித்து நிறுத்தியிருக்கிறது. 2020-இல் தாக்குப்பிடித்ததும் நீண்டகால ஒப்பந்தம் இருந்ததால், நன்கொடையும் கடனும் கொஞ்சம் வந்ததால். இன்னும் இரண்டு வருடம் அப்படியே இழுத்திருந்தால் தெரிந்திருக்கும்.

நிலவளவன்:
‘இழுத்திருந்தால்’ என்பதெல்லாம் ஊகம். பட்டாவுக்குப் பிறகுதான் வேலி. லோலியோண்டோ இழையிலும் இப்படித்தான் கடைசியில் ஊகத்தை வைத்து வாயடைக்கப் பார்த்தீர்கள், மறக்கவில்லை.

காராமணி:
லோலியோண்டோ தான்சானியா. 2022 ஜூனில் 1,500 சதுர கிலோமீட்டருக்கு எல்லைக்கல் நட்டு மக்களை வெளியே தள்ளிய விவகாரம். அங்கே பட்டாவும் கிடையாது, இந்த மாதிரிக் குத்தகையும் கிடையாது. அதை இங்கே இழுப்பது நீங்கள்தான்.

மழைக்குருவி:
இழை தொடங்கியது சிங்கத்தில். 2015 டிசம்பரில் மாராவின் பேர்பெற்ற மார்ஷ் பிரைட் கூட்டத்துச் சிங்கங்களுக்கு விஷம் வைத்தார்களே, அப்போது முகாம்கள் திறந்துதான் இருந்தன. மாட்டுச் சடலத்தில் பூச்சிமருந்து தடவினால் சிங்கம் மட்டுமா சாகும்? அதைத் தின்ன வரும் கழுகும் சேர்ந்து சாகும். சுற்றுலா இருந்தால் பாதுகாப்பு என்பதே பொய்.

காராமணி:
வெஸ்ட்கேட் வணிக வளாகம் 2013, கரிஸா பல்கலைக்கழகம் ஏப்ரல் 2015. அந்தத் தீவிரவாதத் தாக்குதல்களால் கென்யா முழுக்கவே சுற்றுலா படுத்திருந்த வருடத்தை உதாரணம் காட்டுகிறீர்கள். இன்னொன்று, அது ரிசர்வ் ஓரம். ரிசர்வ் நுழைவுக் கட்டணம் நரோக் கவுண்டி (மாவட்ட அரசு) கஜானாவுக்குப் போகிறது. 2024 ஜூலையிலிருந்து சீசனில் வெளிநாட்டவருக்கு நாளொன்றுக்கு 200 டாலர். அதை வைத்துக் குத்தகை கட்டுவதில்லை.

மழைக்குருவி:
அப்போ 200 டாலர் எங்கே போகிறது என்று கேளுங்கள். வேலியைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். குத்தகை யார் கணக்கில் விழுகிறது? பட்டா பெரும்பாலும் ஆண்கள் பேரில். பாசிமணி கோத்து விற்ற பெண்களுக்கு 2020-இல் வருமானம் சுத்தமாக நின்றது, அவர்களுக்குக் குறைத்த குத்தகைகூடக் கிடையாது. அந்த வருடம் கால்நடைச் சந்தைகளையும் மூடினார்கள். ஆட்டை விற்று அரிசி வாங்கவும் வழியில்லை.

நிலவளவன்:
பட்டா ஆண்கள் பேரில் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பட்டாதான் பிரச்சினை என்று முதல் பதிவிலிருந்து சொல்கிறேன். பார்டாமாட்டைப் பாருங்கள். மக்களை வெளியேற்றாமல் குடியிருப்புகளுக்கு நடுவே கன்சர்வன்சி. அங்கே பெரிய வேலையே ஏற்கனவே போட்ட வேலியைப் பிரிப்பது. பட்டா, வேலி, பிறகு பிரிப்பது. குத்தகை இதில் கடைசியாக வந்தது.

காராமணி:
பிரிப்பவருக்கு என்ன தருகிறார்கள்? அதையும் எழுதுங்கள். குத்தகை! பணம் வந்ததும் வேலி கீழே இறங்குகிறது. என் வாதத்தை நீங்களே எழுதிவிட்டு என்னையே திட்டுகிறீர்கள்.

நிலவளவன்:
பட்டா இல்லையென்றால் பிரிக்க வேலியே இருந்திருக்காது. மறுபடி முதலிலிருந்து படியுங்கள்.

சிறுகுடி:
பட்டி வாசல் கதவுக்கு யார் காசு குடுக்கறதுன்னு கேட்டேன். காட்டு மிருகம் அடிச்சு ஆள் செத்தா 50 லட்சம் ஷில்லிங் நஷ்டஈடுன்னு 2013 வனவிலங்குச் சட்டத்துல இருக்கு, அதுவே வருஷக்கணக்கா இழுக்குது. மாட்டுக்கு எப்ப வரும்? ஒருத்தர் பட்டாங்கிறீங்க, ஒருத்தர் பாக்கிங்கிறீங்க. கதவுக்குப் பதில் சொல்லுங்க.

நிலவளவன்:
கதவும் வேலியில் ஒரு பகுதிதான் சிறுகுடி. வேலிக்கு என் பதில் மேலே இருக்கிறது.