ஹெட் கிராஷ்: ‘தலைமோதல்’ வேண்டாம், ‘முனையுரசல்’ வைக்கலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

ஹார்ட் டிஸ்கில் (வட்டில்) தகவலை வாசிக்கும் முனை, உள்ளே சுழலும் தட்டில் பட்டுவிடும் பழுதுதான் ஹெட் கிராஷ். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் இதுவரை தலைமோதல், வட்டுச் செயலிழப்பு, டிக்டிக் பழுது என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. தர்மபுரியில் கணினிப் பழுது பார்ப்பவன் நான். என் பங்குக்கு ஒன்று: முனையுரசல்.

‘செயலிழப்பு’ என்றதும் ஆட்கள் மென்பொருளைத் தேடிப் போகிறார்கள். கல்யாண ஸ்டூடியோக்காரர் ஒருவர், மேசையிலிருந்து விழுந்த எக்ஸ்டர்னல் டிஸ்கைக் கொண்டுவந்தார். “ராத்திரி முழுக்க செக் டிஸ்க் ஓட விட்டேன்ணா, பாதியிலேயே நிக்குது” என்றார். செக் டிஸ்க் என்பது வட்டில் பிழை தேடும் மென்பொருள். காதருகே வைத்தால் டிக், டிக், கொஞ்சம் அமைதி, மறுபடி டிக். கீழே விழுந்ததைவிட, விடிய விடிய ஓடியதில்தான் கேடு அதிகம் நடந்திருக்கும்.

காரணம் இதுதான். இந்த மாதிரி வட்டில் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுழல்கிறது. வாசிக்கும் முனை அதைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் காற்றில் மிதக்கிறது. முனை தட்டில் பட்டுவிட்டால் காந்தப்பூச்சு பொடியாகப் பெயர்கிறது. அந்தப் பொடியே முனைக்கடியில் சிக்கி இன்னும் கீறுகிறது. மோதல் ஒரு கணத்தில் முடிந்துவிடும். உரசலோ மின்சாரம் இருக்கும்வரை நடக்கும். அதனால்தான் ‘மோதல்’ எனக்கு ஒப்பவில்லை. முனையுரசல் என்று கேட்டவுடனே கேபிளைப் பிடுங்கத் தோன்ற வேண்டும்.

‘டிக்டிக் பழுது’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சத்தத்தை வைத்துப் பெயரிட முடியாது. தட்டில் கீறலே இல்லாமல், முனை மட்டும் பழுதாகித் தடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பித் திரும்பி வந்தாலும் அதே டிக்தான். அந்த வட்டுக்கு வழி உண்டு: பெங்களூரில் தூசியில்லா அறையில் திறந்து, அதே மாடலின் முனைகளைப் பொருத்திப் படியெடுப்பார்கள். உரசித் தேய்ந்த இடத்தில் இருந்ததை எவ்வளவு செலவழித்தாலும் மீட்க முடியாது. ரசீதில் இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால் வாடிக்கையாளருக்கு வீண் நம்பிக்கை, இல்லாவிட்டால் வீண் பயம். ஃப்ரீசரில் வைக்கச் சொல்லும் யூடியூப் வைத்தியமும் இங்கே பரவலாக நடக்கிறது. வெளியே எடுத்ததும் தட்டில் ஈரம் படியும், அவ்வளவுதான்.

‘முனை’ என்றால் ‘முனைய’த்தோடு குழம்பும் என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். நியாயம்தான், ஆனால் வட்டைப் பற்றிப் பேசும் இடத்தில் டெர்மினல் நினைவுக்கு வராது. ‘தலை’ என்று வைத்தால் கோப்பின் தலைப்பகுதி வந்து நிற்கும், அது இன்னும் தொல்லை. ‘தேய்மானம்’ பற்றியும் பேச்சு வந்தது. அது வயதானால் எதற்கும் வருவது, அவசரம் தெரியாது.

வினையாகவும் சொல் ஓடுகிறது: முனை உரசிவிட்டது, முனையுரசிய வட்டு. ‘கிராஷ் ஆயிடுச்சு’க்குப் பழகிய வாய்க்கு ‘உரசிடுச்சு’ கஷ்டமில்லை.

அப்புறம் இன்னொன்றும் பாக்கி. மோட்டார் இறுகி, தட்டு சுழலாமல் முனகும் நிலைக்கு நான் எழுதி வைத்திருப்பது ‘சுழலிறுக்கம்’. எனக்கே அது பிடிக்கவில்லை. யாராவது நல்லதாக ஒன்று சொல்லுங்கள்.