இருளர் குடியிருப்பிலிருந்து ஆட்களைப் பயிலரங்குக்கு அழைப்பது எப்படி? போன வருடம் சொதப்பிவிட்டோம்

புதுவைக் களப்பணி (கேள்வி)

வணக்கம். புதுச்சேரியில் ஒரு மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையில் ஆறு வருடமாகக் களப்பணியாளராக இருக்கிறேன். ஊர் ஊராகப் போய்ப் படிவம் நிரப்புவது, ரத்த அழுத்தம் பார்ப்பது, டாக்டர்கள் வந்தால் வழி காட்டுவது, இதுதான் வேலை. பழங்குடியினர் நலவாழ்வு ஆய்வு பற்றி முதுநிலை மாணவர்கள் நாற்பது பேருக்கு இரண்டு நாள் பயிலரங்கு நடத்தப்போகிறார்கள். "கம்யூனிட்டி ஆட்கள் நாலைந்து பேரைக் கூட்டி வந்துவிடுங்கள்" என்று துறைத்தலைவர் என்னிடம் சொல்லிவிட்டார். அந்த ஒரு வரிதான் என் பிரச்சினை.

போன வருடமும் இதையே சொன்னார்கள். கிள்ளையை ஒட்டிய ஒரு இருளர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து நான்கு பெண்களை அழைத்து வந்தேன். விடியுமுன் கிளம்பி, சிதம்பரம் வந்து, அங்கிருந்து கடலூர் வழியாகப் பாண்டி பஸ். முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள், போட்டோ எடுத்தார்கள். அப்புறம் மதியம் ஒரு மணி வரை ஆங்கிலத்தில் ஸ்லைடு. ஏசி குளிர் தாங்காமல் நால்வரும் அந்தப் பொன்னாடையையே பிரித்து இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். ஒரு ஸ்லைடில் அவர்கள் குடியிருப்பே வந்தது. ஒரு குடிசை, வாசலில் ஒரு சின்னப் பையன். "அது எங்க அண்ணன் பேரன்!" என்று ஒருவர் சத்தமாகச் சொன்னார். பேசிக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்.

திரும்பும் பஸ்ஸில் அதே அம்மா கேட்டார்: "எதுக்கும்மா எங்கள வரச் சொன்னீங்க?" ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவர்கள் என்ன தொழிலை விட்டுவிட்டு வந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சுரபுன்னைக் காட்டு வாய்க்கால்களில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பனையோலைப் பறியை (பிடித்ததைப் போடும் பையை) பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். வலை கிடையாது. ஒரு நாள் இறங்காவிட்டால் அன்றைக்குக் காசு இல்லை. நாங்கள் கொடுத்தது பொன்னாடை, ஒரு ஃபைல், ஒரு பேனா, மதியச் சாப்பாடு, பஸ் காசு. பேனாவை அங்கேயே மேஜையில் வைத்துவிட்டுப் போனவரும் உண்டு.

இந்த முறை அழைப்பதா வேண்டாமா? அழைத்தால் எந்த நாளில், எங்கே, எவ்வளவு கொடுத்து? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அம்மா, நான் ஒரு நிறுவனத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவில் மருத்துவம் சாராத பொது உறுப்பினராகச் சில காலம் இருந்தேன். என் வேலை, ஒப்புதல் படிவத்தின் தமிழ் யாருக்காவது புரியுமா என்று பார்ப்பது. புரியாது என்பதுதான் பெரும்பாலும் என் பதில்.

ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதலில் பழங்குடி மக்களுக்கென்று தனிப்பகுதி உண்டு. முதல் நாள் காலையில் முதல் வேலையாக மாணவர்களை அதைப் படிக்கச் சொல்லுங்கள். அந்த மக்களுக்கு நோய் கண்டறிவதிலோ தடுப்பதிலோ சிகிச்சையிலோ குறிப்பான பயன் இருந்தால்தான் ஆய்வே செய்யலாம் என்கிறது. உள்ளே போகுமுன் கலெக்டர் அல்லது பழங்குடியினர் நல ஆணையர் போன்றவர்களின் அனுமதி வேண்டும். ஊர்ப் பெரியவர் சரி என்று சொன்னாலும், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக ஒப்புதல் வாங்க வேண்டும். இருளர்கள் தமிழ்நாட்டில் 'மிகவும் நலிவடைந்த பழங்குடி' என்று வகைப்படுத்தப்பட்ட ஆறு குழுக்களில் ஒன்று. அப்படிப்பட்டவர்களில் குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்களை ஆய்வில் சேர்ப்பதைத் தவிர்க்கக் கூடுதல் கவனம் வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. நம் மாணவர்கள் முதலில் தேடிப் போவதே இந்த மூன்று பேரைத்தானே.

ஒரு சம்பவம். ஒரு படிவத்தில் "நீங்கள் சீரற்ற முறையில் ஒதுக்கீடு செய்யப்படுவீர்கள்" என்று எழுதியிருந்தது. இரண்டு குழுவில் ஒன்றில் குலுக்கல் மாதிரி சேர்ப்பதைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். வாசித்துக் காட்டியதும் ஒரு பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒதுக்கீடுன்னா வீடா, பட்டாவா?" என்றார். அவர் கையெழுத்துப் போட்டதே பட்டாவுக்காக இருந்திருந்தால், அது என்ன ஒப்புதல்? பயிலரங்கில் வேறு எதுவும் நடக்காவிட்டாலும் பரவாயில்லை. மாணவர்கள் ஆளுக்கொரு படிவத்தைத் தமிழில் எழுதட்டும், நீங்கள் அழைக்கும் பெண்கள் அதற்கு மதிப்பெண் போடட்டும்.

கிள்ளை உப்பாறு

அக்கா, நான் இருளர்தான். பிச்சாவரம் பக்கம். சாதிச் சான்றிதழுக்கு அலைந்ததில் இரண்டு வருடம் போய், அப்புறம் பி.ஏ. முடித்தேன். நீங்கள் சொன்ன மாதிரி முன்வரிசையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். வேறு ஊர், அதே பொன்னாடை.

ஆசிரியர் ஐயா ஒப்புதல் பற்றிச் சொன்னார். எங்கள் அம்மா விஷயத்தைக் கேளுங்கள். அம்மாவுக்குக் கையெழுத்து வராது. கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். தினமும் ஐந்தாறு மணி நேரம் உப்புத் தண்ணீரில் ஊறி, சிப்பியும் முள்ளும் கிழித்து, அம்மாவின் விரல் நுனி வழவழவென்று தேய்ந்திருக்கும். ரேஷன் கடை மெஷினிலேயே ரேகை விழாது. படிவத்தில் வைத்தால் நீலமாக ஒரு கறை, அவ்வளவுதான். ஆய்வுக்கு வந்த பெண் "சரியா விழல, இன்னொரு தடவை வைங்க" என்று மூன்று தடவை வைக்க வைத்தார். கடைசியில் எந்தப் படிவத்துக்கு எதற்காக வைத்தோம் என்று அம்மாவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. என் கண் முன்னால் இப்படி மூன்று முறை வெவ்வேறு ஆட்கள் வந்து ரத்தம் எடுத்திருக்கிறார்கள். ஒரு முறைகூட முடிவு வீட்டுக்கு வரவில்லை. அம்மாவுக்கு ரத்தசோகை இருப்பது நாங்களாகப் போன ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் தெரிந்தது.

அதனால் என் கருத்து: முதலில் பழைய பாக்கியைக் கொடுங்கள். உங்கள் துறை எங்கள் ஆட்களிடம் எடுத்த ரத்தம், எடை, பிரஷர் எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு சீட்டு எழுதி, மூடிய கவரில் கொடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் வாசித்துவிடாதீர்கள், கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுகள் இருக்கின்றன. அதற்கு அப்புறம் அழையுங்கள்.

நாள் விஷயம். தண்ணீர் வற்றும் நேரம்தான் எங்களுக்கு வேலை நேரம். அது தினமும் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றலும் அதிகம், அந்த நாட்களை அம்மா எதற்காகவும் விடமாட்டார். உங்கள் காலண்டரில் சனி ஞாயிறு பார்க்கிறீர்கள், அங்கே வந்து கேட்டுவிட்டு நாள் குறியுங்கள்.

இன்னொன்று. எங்களை அங்கே கூட்டிப்போவதற்குப் பதில் இரண்டாம் நாளை இங்கே வைக்கலாமே. மாணவர்கள் மரத்தடியில் உட்காரட்டும். என்னென்ன கேள்வி எப்படிக் கேட்டால் எங்களுக்குச் சுருக்கென்று இருக்கும் என்பதை எங்கள் பெண்களே சொல்லிக்கொடுப்பார்கள். "குடிப்பீங்களா?" என்று புருஷன் முன்னால் கேட்பது, "கழிப்பறை இருக்கா?" என்று கேட்டுவிட்டு இல்லை என்றவர் முகத்தைப் பார்த்து உச்சுக்கொட்டுவது, இதெல்லாம்.

முதுநகர் டூ மெல்பர்ன்

கடலூர் ஓ.டி. (முதுநகர்) ஆள் நான், இப்போது ஆஸ்திரேலியாவில் சுகாதாரத் தரவு வேலை. கிள்ளைத் தங்கை சொன்னதை இங்கே பூர்வகுடி மக்கள் பல வருடம் போராடி விதியாக மாற்றியிருக்கிறார்கள்.

இங்கே லோவிட்ஜா இன்ஸ்டிட்யூட் என்று ஒன்று இருக்கிறது, லோவிட்ஜா ஓடோனஹ்யூ என்ற பூர்வகுடித் தலைவரின் பெயரில். அந்த மக்களே நிர்வகிக்கும் நலவாழ்வு ஆய்வு நிறுவனம். மாநாடும் நடத்துகிறார்கள், பயிற்சியும் உதவித்தொகையும் கொடுக்கிறார்கள். இந்த நாட்டில் இப்படிப்பட்ட கூட்டங்கள் பெரும்பாலும் அந்த மண்ணின் மூத்தவர் ஒருவர் வரவேற்றுத்தான் தொடங்கும். வரவேற்பவருக்குக் கட்டணம் உண்டு, அதை யாரும் தர்மமாக நினைப்பதில்லை. நான் போன ஒரு கூட்டத்தில், அறுபது எழுபது வயதுப் பாட்டி ஒருவர் ஆய்வுக்குழுவில் ஒருவராக மேடையில் இருந்தார். பேராசிரியர் சொன்ன ஒரு எண்ணை அவர் அங்கேயே திருத்தினார். பேராசிரியர் குறித்துக்கொண்டார். நம் ஊரில் இதைப் பார்க்க எனக்கு ஆசை.

மாணவர்களுக்குக் கதையாகச் சொல்ல இரண்டு விஷயம். அமெரிக்காவின் அரிசோனாவில் ஹவாசுபாய் என்ற சின்னப் பழங்குடி. 1990-களில் சர்க்கரை நோய் ஆய்வு என்று சொல்லி ரத்தம் எடுத்தது அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம். அதே ரத்தத்தில் மனநோய், முன்னோர் இடம்பெயர்வு என்று வேறு ஆய்வுகளும் நடந்தன. தெரிந்ததும் வழக்குப் போட்டார்கள். 2010-இல் சமரசம்: 41 பேருக்கு 7 லட்சம் டாலர், மீதி இருந்த ரத்தமும் அவர்களிடமே திரும்பியது. இரண்டாவது, தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் 2017-இல் தாங்களே எழுதி வெளியிட்ட ஆய்வு நெறிமுறை. மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை, முறையான வழி என்று சின்னதாக இருக்கும், ஒரே மூச்சில் வாசித்துவிடலாம். கனடாவில் தரவின் உடைமையும் கட்டுப்பாடும் எங்களுடையது என்று பூர்வகுடிகள் 1998-லேயே கோட்பாடு வகுத்துவிட்டார்கள்.

இங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம், ஆயுட்காலத்தில் இன்னும் பல வருட இடைவெளி இருக்கிறது. கூட்டம் நடத்தும் மரியாதையை மட்டும் கற்றுக்கொள்ளலாம்.

பில் செக்ஷன்

எல்லோரும் நல்லதாகப் பேசிவிட்டீர்கள், காசு எப்படி வெளியே வரும் என்று யாரும் சொல்லவில்லை. மேடம், 'கூலி இழப்பு' என்று வவுச்சர் எழுதினால் ஆடிட்டில் மாட்டும். அழைப்பிதழிலும் அலுவலக ஆணையிலும் அந்தப் பெண்களின் பெயரை டாக்டர்கள் பெயரோடு சேர்த்து 'ரிசோர்ஸ் பர்சன்' (கருத்தாளர்) என்று போட வைத்துவிடுங்கள். போட்டுவிட்டால் மதிப்பூதியம், பயணப்படி இரண்டுக்கும் கணக்குத் தலைப்பு இருக்கிறது, டாக்டருக்கு என்ன தொகையோ அதே தொகை. நான் எதிர்க்கேள்வி கேட்க முடியாது. பாஸ்புக் முதல் பக்க ஜெராக்ஸ் முன்கூட்டியே வாங்குங்கள். ரொக்கமாகக் கொடுத்து 5000 ரூபாய்க்கு மேல் போனால் ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப். கைநாட்டு என்றால் பக்கத்தில் சாட்சிக் கையெழுத்து. ரேகை விழவில்லை என்று நான் பில்லைத் திருப்பமாட்டேன், வாக்குக் கொடுக்கிறேன்.

புதுவைக் களப்பணி (இரண்டு வாரம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. பில் செக்ஷன் சாருக்குத் தனி நன்றி, துறைத்தலைவரை மசிய வைத்தது அவர் சொன்ன வழிதான். நெறிமுறை, மரியாதை என்று நான் சொன்னபோது "பார்க்கலாம்" என்றவர், "ஆணை போட்டால் பில் பாஸாகும் சார்" என்றதும் கையெழுத்துப் போட்டார்.

இரண்டாம் நாள் குடியிருப்பில்தான். தேதியை அவர்களே குறித்தார்கள், அமாவாசை கழிந்து ஆறாம் நாள், பதினொன்று மணிக்கு மேல். புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர் பக்கத்திலிருந்தும் ஒரு பெரியவர் வருகிறார். தமிழ்நாட்டில் இருளர் முன்பே பட்டியலில் உண்டு, புதுச்சேரியில் அவர்களைப் பட்டியல் பழங்குடியாக அறிவித்தது 2016 டிசம்பரில்தான். "கிள்ளையில இருக்கிற என் தங்கச்சி எப்பவோ பழங்குடி, நான் இப்பத்தாம்மா ஆனேன்" என்று சிரித்தார். அதையே மாணவர்களிடம் சொல்லுங்கள் ஐயா என்று கேட்டுக்கொண்டேன்.

பழைய பாக்கி: துறை பீரோவில் நாங்கள் அந்தக் குடியிருப்பில் எடுத்த பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்கள் கட்டாகக் கிடந்தன. அனுமதி வாங்கி 63 சீட்டு எழுதி, கவரில் போட்டு, போன சனிக்கிழமை ஒரு டாக்டரோடு போய் வீடு வீடாகக் கொடுத்தோம். நான்கு பேருக்கு உடனே மாத்திரை தொடங்க வேண்டியிருந்தது. கொடுக்கும்போது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. வாங்கியவர்களில் ஒருவர், "இது போன தேர்தலுக்கு முன்னாடி எடுத்ததுல்ல?" என்றார்.

பஸ்ஸில் என்னைக் கேள்வி கேட்ட அம்மாவையும் பார்த்தேன். வருகிறேன் என்றார், இங்கிலீஷில் பேசினால் எழுந்து ஆற்றுக்குப் போய்விடுவாராம். ஸ்லைடில் வந்த அந்தப் பையனின் படத்தைப் பிரிண்ட் போட்டு எடுத்துப் போயிருந்தேன். அவன் தாத்தா வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "மூக்கு ஒழுகிட்டு நிக்கிறான், இதையா அவ்ளோ பேருக்குக் காட்டுனீங்க?" என்று கேட்டுவிட்டு, பையனைக் கூப்பிட்டு முகம் கழுவிவிட்டு, புதுச் சட்டை மாட்டி என் முன்னால் நிறுத்தினார்.