மாடி வீட்டிலும் வாசிக்க வேண்டும், மேடையிலும் கேட்க வேண்டும்: ஒரே ஆம்ப் போதுமா?

மாடிவீட்டு கிட்டார் (திருச்சி)

அனைவருக்கும் வணக்கம். இரண்டு மாதமாக ஆம்ப் (கிட்டார் ஒலியைப் பெருக்கித் தரும் ஸ்பீக்கர் பெட்டி) வாங்க அலைகிறேன், முடிவுக்கு வர முடியவில்லை. என் நிலைமையை முழுக்கச் சொல்லிவிடுகிறேன்.

உறையூரில் ஒரு வீட்டின் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். கீழே வீட்டுக்காரர் குடும்பம். அவருடைய அம்மாவுக்கு எண்பது வயது, ஒன்பது மணிக்கெல்லாம் படுத்துவிடுவார். நான் வேலை முடிந்து வீடு வரவே எட்டு ஆகிவிடும். ஆக, நான் வாசிக்கும் நேரமும் பாட்டி தூங்கும் நேரமும் ஒன்றுதான்.

கையில் இருப்பது ஸ்ட்ராட் வகை எலக்ட்ரிக் கிட்டார், ஒலியைக் கரகரப்பாக்கும் ஒரு ஓவர்டிரைவ் பெடல், எதிரொலி தரும் ஒரு டிலே பெடல், ஆறு இன்ச் ஸ்பீக்கர் உள்ள 10 வாட் ஆம்ப். ஞாயிற்றுக்கிழமை சர்ச் கொயரில் வாசிக்கிறேன். அங்கே பெடலிலிருந்து நேராக, எல்லா ஒலியையும் கலந்து ஹால் ஸ்பீக்கருக்கு அனுப்பும் மிக்சரில் செருகிவிடுவார்கள். ஓவர்டிரைவை அழுத்தினால் தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி இருக்கிறது.

போன மாதம் ஒரு மெல்லிசைக் குழுவில் கூப்பிட்டார்கள். மாதம் இரண்டு மூன்று ரிசப்ஷன் இருக்குமாம். முதல் கச்சேரிக்கு இந்தச் சின்ன ஆம்பையே எடுத்துப் போனேன். டிரம்ஸ் ஆரம்பித்த நிமிடத்திலிருந்து நான் வாசிப்பது எனக்கே கேட்கவில்லை. வால்யூமை முழுக்கத் திருப்பினேன், கரகரவென்று உடைந்ததே தவிர சத்தம் ஏறவில்லை. இரண்டரை மணி நேரம் விரலைப் பார்த்தே வாசித்தேன். வீட்டுக்கு வந்து படுத்தும் தூக்கம் வரவில்லை.

ஒரு கடையில் "மேடை என்றால் 100 வாட் இல்லாமல் முடியாது" என்றார்கள். இன்னொரு கடையில் "20 வாட் தாராளம்" என்றார்கள். என்னிடம் 30 ஆயிரம் இருக்கிறது. பழையது என்றாலும் சரி. ஸ்கூட்டரில் எடுத்துப் போக வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒன்று கிடைக்குமா?

வால்வு வெளிச்சம் (கோவை)

பழைய 15 வாட் வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்ப் ஒன்று தேடுங்கள். நான் ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர் வைத்திருக்கிறேன். இரண்டு EL84 வால்வு, ஒரு 12 இன்ச் ஸ்பீக்கர். 15 வாட்தானே என்று நினைக்க வேண்டாம், டிரம்ஸ் பக்கத்தில் வைத்தே வாசித்திருக்கிறேன். மெதுவாக மீட்டினால் சுத்தமாக ஒலிக்கும், அழுத்தி மீட்டினால் தானாகவே லேசாக உடையும். அந்தச் சுகத்தை ஒருமுறை அனுபவித்தவர் விடமாட்டார்.

ஒன்றே ஒன்று: ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்பை ஆன் செய்து வாசிக்கவே கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய ஆம்ப் என்றால் பின்பக்கம் 120 வோல்ட்டா 230 வோல்ட்டா என்று பார்த்துவிட்டு பிளக்கைச் செருகுங்கள்.

ஓரத்து ஸ்டூல் (பாளையங்கோட்டை)

தம்பி, உங்கள் முதல் கச்சேரி கதையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இருபத்திரண்டு வருடமாக மெல்லிசை மேடைகளில் கிட்டார் வாசிக்கிறேன். தான் வாசிப்பது தனக்கே கேட்காத இரவு எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும்.

முதலில் இந்த வாட் கணக்கு. 100 வாட் என்றால் 10 வாட்டைவிடப் பத்து மடங்கு சத்தம் என்று நினைக்கிறோம். இல்லை. வாட் பத்து மடங்கானால் ஏறுவது 10 டெசிபெல். காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்காகத்தான் தெரியும். வாட்டை இரட்டிப்பாக்கினால் வெறும் 3 டெசிபெல். 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான், அதற்காகப் பணத்தையும் முதுகையும் கொடுக்கத் தேவையில்லை.

சத்தத்தைத் தீர்மானிப்பதில் ஸ்பீக்கருக்குப் பெரிய பங்கு. செலஸ்டியன் விண்டேஜ் 30 மாதிரி ஒரு 12 இன்ச் ஸ்பீக்கர் ஒரே ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபெல் கொடுக்கும். உங்கள் படுக்கையறையில் அது காது கூசும் சத்தம். உங்கள் ஆறு இன்ச் ஸ்பீக்கர் மேடையில் தோற்றதற்கு வாட் மட்டும் காரணமில்லை. டிரம்ஸுக்கு நடுவே கேட்கும் அளவுக்குக் காற்றைத் தள்ள அந்தச் சின்னக் கோனால் (ஸ்பீக்கரில் அதிரும் கூம்பு) முடியாது. அதனால் எது வாங்கினாலும் 12 இன்ச் ஸ்பீக்கர் உள்ளதாக வாங்குங்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

100 வாட் ஏன் வந்தது என்பதையும் சொல்கிறேன். 1965 வாக்கில் த ஹூ என்ற இங்கிலாந்து ராக் குழுவுக்காக, ஆம்ப் தயாரிப்பாளர் ஜிம் மார்ஷல் 100 வாட் ஆம்ப் செய்துகொடுத்தார். அந்தக் காலத்தில் ஹாலில் இருக்கும் ஸ்பீக்கர்களில் பாட்டுக்காரர் குரல்தான் வரும். கிட்டார் சத்தம் கடைசி வரிசைவரை போக வேண்டுமென்றால் ஆம்ப் ஒன்றே கதி. இன்றைக்கு ஆம்ப் முன்னால் ஒரு மைக் வைத்தால் போதும், மண்டபம் முழுக்க சவுண்ட் சர்வீஸ்காரர் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். ஆம்பின் வேலை உங்களுக்கும் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்பது. அதனால் வீட்டை வைத்து ஆம்பைத் தேர்ந்தெடுங்கள், மேடைக்கு அது தாங்குமா என்று மட்டும் பாருங்கள். வருடத்தில் முந்நூறு நாள் அது இருக்கப்போவது பாட்டி தூங்கும் அந்த வீட்டில்தான்.

கோவை நண்பர் சொன்ன சுகம் உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் 15 வாட் வால்வு ஆம்ப் அந்த இனிமையைத் தரும் இடத்துக்கு வால்யூமைத் திருப்பினால் உறையூர் முழுக்கக் கேட்கும். தனி வீடு இருப்பவருக்கு அது சரி. உங்களுக்கு வேண்டாம்.

உங்கள் தொகைக்குப் பொருந்துவது பாஸ் (Boss) நிறுவனத்தின் கட்டானா 50 வகை ஆம்ப். 12 இன்ச் ஸ்பீக்கர், எடை சுமார் 12 கிலோ. பவரை 50, 25, அரை வாட் என்று மாற்றும் சுவிட்ச் இருக்கிறது. இரவில் அரை வாட்டில் வைத்து மாஸ்டர் வால்யூமைக் குறைத்தால், டோன் கெடாமல் அறைக்குள்ளேயே நிற்கும். ரோலண்ட் ஜேசி-120 என் கனவு ஆம்ப். 1975-இல் வந்தது, இன்றும் அந்தச் சுத்தமான ஒலிக்கு ஈடு கிடையாது. ஆனால் 28 கிலோ. இரண்டு பேர் சேர்ந்து மாடி ஏற்ற வேண்டும்.

அப்புறம் ஒரு அனுபவம். பல வருடம் முன்பு தூத்துக்குடியில் ஒரு ரிசப்ஷன். முதல் நாள் இரவு வீட்டில் மெதுவான சத்தத்தில் உட்கார்ந்து அழகாக டோன் அமைத்தேன். பாஸ் (தாழ்ந்த ஒலி) எட்டு, ட்ரெபிள் (உச்ச ஒலி) ஏழு, மிட் (நடு ஒலி) மூன்று. கேட்கக் கேட்க இனித்தது. மறுநாள் மேடையில் அதே எண்களை வைத்தேன். கீழே ஒரே குமுறல், மேலே காதைக் குத்தும் கூர்மை, நடுவில் கிட்டாரே இல்லை. கீபோர்டுக்காரர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நான் கேபிளைச் சந்தேகப்பட்டேன், பெடலைச் சந்தேகப்பட்டேன். காரணம் காதில் இருந்தது என்று பின்னால்தான் தெரிந்தது. 1933-இலேயே ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் இதை அளந்து எழுதிவிட்டார்கள்: சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்குத் தாழ்ந்த சுருதி ஒலியும் மிக உச்ச சுருதி ஒலியும் சரியாக எட்டாது, அதனால் வீட்டில் நாம் அதிகம் சேர்த்துவிடுகிறோம். சத்தம் ஏறியதும் அதெல்லாம் பொங்கி வரும். மேடைக்குப் போனால் பாஸைக் குறையுங்கள், மிட்டை ஏற்றுங்கள். தனியாகக் கேட்கும்போது மிட் கொஞ்சம் மூக்கால் பேசுகிற மாதிரிதான் இருக்கும், பயப்படாதீர்கள். டிரம்ஸும் பாஸ் கிட்டாரும் சேர்ந்ததும் அது தன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

ஆம்பைத் தரையில் வைக்காதீர்கள். உங்கள் முழங்காலுக்குக் காது கிடையாது. உச்ச ஒலி ஸ்பீக்கரிலிருந்து நேர்கோட்டில்தான் பாயும். நான் எப்போதும் ஒரு மர ஸ்டூல் கொண்டுபோவேன். ஆம்பை அதன் மேல் வைத்து லேசாகப் பின்னால் சாய்த்துவிடுவேன். காதுக்கு நேராக வரும், தரையோடு சேர்ந்து குமுறுவதும் குறையும். பாதி வால்யூம் போதும்.

மாடிவீட்டு கிட்டார் (திருச்சி)

அண்ணா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. அந்த மிட் விஷயத்தை இன்றைக்கே பழைய ஆம்பில் வைத்துப் பார்த்தேன், வித்தியாசம் தெரிகிறது. இரண்டு சந்தேகம். சர்ச்சில் நேராக மிக்சரில் செருகும்போது ஏன் அப்படித் தகரமாக இருக்கிறது? இன்னொன்று, மண்டபத்தில் என் ஆம்புக்கு மைக் கேட்டால் தருவார்களா? போன முறை கேட்டதற்கு "சேனல் இல்லை" என்று சொல்லிவிட்டார்கள்.

எட்டாவது சேனல் (மதுரை)

நான் மிக்சர் பக்கம் நிற்கிறவள். நானும் என் கணவரும் பதினோரு வருடமாக சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறோம், அதனால் இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

தகரச் சத்தத்துக்கு முக்கியமான காரணம், நடுவில் கிட்டார் ஸ்பீக்கர் இல்லாதது. கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக அடங்கிவிடும். ஓவர்டிரைவின் கரகரப்பை அதுதான் வடிகட்டித் தருகிறது. எங்கள் ஹால் ஸ்பீக்கர்கள் எதையும் வடிகட்டாமல் அப்படியே கொடுத்துவிடும். கிட்டாரை மட்டும் பெடல் இல்லாமல் மிக்சரின் சாதாரண லைன் இன்புட்டில் செருகினால் வேறு ஒரு சிக்கல்: கிட்டார் பிக்கப்புக்கு (கம்பி அதிர்வை மின்சிக்னலாக்கும் பகுதி) ஒரு மெகா ஓம் அளவு மின்தடை உள்ள இன்புட் வேண்டும், அங்கே இருப்பது மிகக் குறைவு. ட்ரெபிள் செத்து, போர்வை போர்த்திய மாதிரி கேட்கும். அதற்கு நடுவில் டிஐ பாக்ஸ் (கிட்டார் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி) வேண்டும்.

மைக் விஷயத்தில் பாளையங்கோட்டை அண்ணன் சொன்னது பெரிய கச்சேரிக்குச் சரி, சின்ன ரிசப்ஷனுக்கு அப்படியே பொருந்தாது. பல சர்வீஸ்களில் எடுத்து வருவது 12 சேனல் மிக்சர்தான். பாடகர் இருவர், கோரஸ், கீபோர்டு இரண்டு, பேட், தபேலாவுக்கு இரண்டு, டிரம்ஸுக்கு இரண்டு, புல்லாங்குழல், அறிவிப்பாளர் என்று நிரம்பிவிடும். கடைசி நேரத்தில் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். இரண்டு நாள் முன்னால் குழுத் தலைவரிடம் சொல்லி எங்களுக்குப் போன் போட்டால் ஒரு லைன் கூடுதலாக எடுத்து வருவோம். இல்லாத இடத்தில் உங்கள் ஆம்பே ஹாலையும் தாங்க வேண்டும். அதனால் 50 வாட்டுக்குக் கீழே போகாதீர்கள் என்பது என் கருத்து.

மைக் கிடைத்தால் கோனின் நடுப்புள்ளிக்கு நேராக வைக்க விடாதீர்கள், கூர்மையாக இருக்கும். நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையில் வைத்தால் நிறைவாக வரும். நாங்கள் வைப்பது ஷூர் எஸ்எம்57 மைக், ஆம்பின் முன்பக்கத் துணியை ஒட்டினாற்போல. ஆம்பைப் பாடகர் மைக்கைப் பார்த்துத் திருப்பாதீர்கள், உங்கள் கிட்டார் அவர் மைக்கில் புகுந்துவிட்டால் நான் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. மேடையின் ஓரத்திலிருந்து குறுக்காகத் திருப்பி வையுங்கள்.

இன்னொன்று கட்டாயம். ஆம்புக்கு மண்டபத்துச் சுவரிலிருந்து கரண்ட் எடுக்காதீர்கள். மிக்சருக்கு ஜெனரேட்டரிலிருந்து வரும், சுவரில் எர்த் இருக்கிறதா என்றே தெரியாது. கையில் கிட்டார் கம்பி, உதட்டில் மைக், இரண்டுக்கும் நடுவே வோல்டேஜ் இருந்தால் ஷாக் அடிக்கும். எங்கள் மேடையில் ஒரு பையன் அப்படித் தூக்கிப் போடப்பட்டதை நான் பார்த்தேன். உயிர் பிழைத்தான். அன்றிலிருந்து மேடையில் எல்லோருக்கும் ஒரே போர்டிலிருந்துதான் கரண்ட் கொடுக்கிறோம். ஹம் (ம்ம் என்ற இரைச்சல்) வருகிறது என்று சொல்லி எர்த் பின்னை உடைக்கிற பழக்கம் யாரிடமாவது இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

ஓரத்து ஸ்டூல் (பாளையங்கோட்டை)

மதுரை சகோதரி சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். என் குழு எப்போதும் ஒரே சர்வீஸுடன் போவதால் சேனல் இல்லாத நிலைமையை நான் யோசிக்கவில்லை. கரண்ட் பற்றிச் சொன்னதை எல்லோரும் இரண்டு முறை படியுங்கள்.

தம்பி, வாங்கும்முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கட்டானா 50-இல் ஹெட்ஃபோனுக்கும் ரெக்கார்டிங்குக்கும் ஒரே துளைதான். அதில் பிளக்கைச் செருகினால் ஸ்பீக்கர் அடங்கிவிடும். மேடையில் அந்த லைனையும் கொடுத்து ஸ்பீக்கரையும் கேட்க முடியாது, மைக்தான் வைக்க வேண்டும். ஆனால் அந்தத் துளையில் வருவது ஸ்பீக்கர் வடிகட்டிய மாதிரியான ஒலி. சர்ச்சுக்கு அதுவே போதும்.

மாடிவீட்டு கிட்டார் (திருச்சி)

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஸ்ரீரங்கத்தில் ஒருவரிடம் பழைய கட்டானா 50 கிடைத்தது. கிட்டாரையும் கொண்டுபோய் ஒரு மணி நேரம் வாசித்துப் பார்த்துத்தான் வாங்கினேன். இரவில் அரை வாட், மாஸ்டர் குமிழ் கடிகாரத்தில் பத்து மணிக்கு முள் நிற்கும் அளவில். முதல் இரவு வாசித்துவிட்டு மறுநாள் காலை பாட்டியிடமே போய்க் கேட்டேன். "நீ வாசிச்சியாப்பா?" என்றார்.

போன வெள்ளிக்கிழமை தில்லைநகரில் ரிசப்ஷன். முன்கூட்டியே போன் போட்டுச் சொல்லியும் மைக் கிடைக்கவில்லை. 50 வாட்டில் வைத்து, ஒரு மர ஸ்டூலில் சாய்த்து, குறுக்காகத் திருப்பினேன். பாஸ் நான்கு, மிட் ஏழு. கரண்ட் மிக்சர் போர்டிலிருந்து. இரண்டாவது பாட்டில் இடையிசை முழுக்கக் கிட்டார்தான். ஒவ்வொரு சுரமும் என் காதில் விழுந்தது, கண்ணை மூடிக்கொண்டு வாசித்தேன்.

வீட்டு எண்களையும் மேடை எண்களையும் தனித்தனியாக எழுதி ஆம்பின் தலையில் ஒட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அந்த ரெக்கார்டிங் துளையிலிருந்து டிஐ பாக்ஸ் வழியாக மிக்சருக்குக் கொடுத்துப் பார்க்கப் போகிறேன்.