பாப்பாவின் மலம் ஏன் மஞ்சள், நம்முடையது ஏன் பழுப்பு? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பிறந்த மூன்றாம் நாளே என் மகளின் கண்வெள்ளை மஞ்சளாகிவிட்டது. ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி டெசிலிட்டருக்கு 17 மில்லிகிராம். கண்ணைக் கட்டி நீல விளக்கின் கீழே படுக்கவைத்தார்கள். அந்த இரண்டு நாளும் டயபரை மாற்றுவதும் நிறத்தைப் பார்ப்பதும்தான் என் வேலை. தார் போலக் கரும்பச்சை, பிறகு இளகிய பச்சை, பிறகு மஞ்சள். பழுப்பு வரவே இல்லை. பயந்துபோய்க் கேட்டேன். "பழுப்பாக்குற பாக்டீரியா இவ குடல்ல இன்னும் குடியேறலம்மா" என்றார் மருத்துவர்.

கல்லீரல் பக்குவப்படுத்தி அனுப்பும் பிலிருபின், பச்சிளம் குடலில் மறுபடி பழைய நிலைக்கு வந்துவிடுமாம். அதைச் சிதைக்க பாக்டீரியா இல்லாததால் திரும்பவும் ரத்தத்தில் கலக்கிறது. மலத்தோடு சீக்கிரம் வெளியேறட்டும் என்றுதான் அடிக்கடி பால் கொடுக்கச் சொன்னார்கள். காரணம் தெரிந்த பிறகு, தூங்குகிற குழந்தையை எழுப்பிப் பால் கொடுக்க எனக்கு மனசு தயங்கவில்லை.

மறுமொழி:
சகோதரி, நான் லேபில் இருக்கிறேன். குடல் பாக்டீரியா பிலிருபினை யூரோபிலினோஜென்னாக மாற்றுகிறது. அதற்கு நிறமே கிடையாது. மலத்தில் அது ஸ்டெர்கோபிலினாகிப் பழுப்பு தருகிறது. உறிஞ்சப்பட்டதில் கொஞ்சம் சிறுநீரில் வந்து யூரோபிலினாகி மஞ்சள் தருகிறது. புதிதாகப் பிடித்த சிறுநீரில், யூரோபிலினோஜென்னைக் காட்டிக்கொடுக்கும் எர்லிக் திரவம் விட்டால் லேசாகச் சிவக்கும். ஒருவருடைய சாம்பிள் சிவக்கவே இல்லை. சிறுநீரோ கரும்பழுப்பு, குலுக்கினால் நுரைகூட மஞ்சள். விசாரித்தால் மலம் களிமண் நிறமாம். பித்தநாளத்தில் கல் அடைத்திருந்தது. பித்தம் குடலுக்கே போகாதபோது பாக்டீரியா எதை மாற்றும்? கல்லை எடுத்தபின் அவர் சாம்பிள் மறுபடி வந்தது. குழாயில் அந்த இளஞ்சிவப்பைப் பார்த்ததும் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். யாருக்காவது மலம் வெளுத்துச் சிறுநீர் கறுத்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

மறுமொழி:
நுண்ணுயிரியல் படிக்கிறேன். பாக்டீரியாவில் பிலிருபினை இப்படி மாற்றும் நொதி எது என்பதே 2024 ஜனவரியில்தான் வெளியானது. மேரிலாந்து பல்கலைக்கழகமும் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களும் சேர்ந்து கண்டுபிடித்தன. பெயர் பிலிருபின் ரிடக்டேஸ். பிறந்த முதல் சில மாதங்களில் பல குழந்தைகளிடம் அதற்கான மரபணு தென்படவில்லை. ஒரு வயதுக்குள் அநேகமாக எல்லோரிடமும் வந்துவிடுகிறது. உங்கள் மருத்துவர் சொன்னது இதைத்தான். பிலிருபின் மாறியிருக்கிறதா என்று பார்க்க, பாக்டீரியாவைக் காற்றில்லாப் பெட்டியில் வளர்த்த குழாயில் ஒரு துளி அயோடினும் துத்தநாக அசிட்டேட்டும் விட்டுப் புறஊதா விளக்கில் காட்டினோம். பச்சையாக ஒளிர்ந்தது. பாக்டீரியா இல்லாத குழாய் இருட்டாகவே நின்றது.

முதலில் எழுதியவர்:
இரண்டு பேருக்கும் நன்றி. அவளுக்கு இப்போது பத்து மாதம். டயபரில் பழுப்பு வர ஆரம்பித்துவிட்டது.