ஜெர்க் என்பதற்கு ஒற்றைச்சொல் (நாளை இரவுக்குள் வேண்டும்)

எல்லோருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்பு இயக்கப் பாடக் காணொளி ஒன்றுக்குத் துணைவரி எழுதுகிறேன், நாளை இரவு கொடுத்தாக வேண்டும். வேகம், திசைவேகம், முடுக்கம் வரைக்கும் தடையில்லாமல் வந்தாயிற்று, அடுத்ததாக ஜெர்க் வந்து நிற்கிறது. முடுக்கமே எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதுதான் அது, அலகு மீ/வி³. காணொளியில் ஒரு பேருந்து. ஓட்டுநர் ஒரே அழுத்தமாகப் பிரேக்கை மிதித்துக்கொண்டு வருகிறார், நிற்கிறவர்கள் முன்பக்கம் சாயாமல் கம்பியைப் பிடித்துச் சமாளிக்கிறார்கள், வண்டி நின்ற கணத்தில் அத்தனை பேரும் பின்னால் ஒரு ஆட்டம் ஆடுகிறார்கள். கைதேர்ந்த ஓட்டுநர் நிற்பதற்குச் சற்று முன் பிரேக்கைத் தளர்த்திவிடுவார், அந்த ஆட்டம் வராது. 'முடுக்க மாறுபாட்டு வீதம்' என்று போட்டால் தப்பே இல்லை, ஆனால் திரையில் ஒரு வரியை அதுவே அடைத்துக்கொள்கிறது, பதினேழு இடத்தில் வருகிறது. நான் யோசித்து வைத்திருப்பது குலுக்கம்.

* * *

தம்பி, குலுக்கம் வேண்டாம். குலுக்கல் என்றதும் பரிசுச்சீட்டுதான் நினைவுக்கு வரும். சொல் நம்மிடமே இருக்கிறது, விதிர்ப்பு. 'அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கம் செய்யும்' என்பது தொல்காப்பியம், உரியியல். அதில் அதிர்வை எடுத்து அதிர்வெண் வரைக்கும் கட்டிவிட்டோம், பக்கத்திலேயே இருந்த விதிர்ப்பை ஒருவரும் தொடவில்லை. குறள் 1077ஐப் பாருங்கள், 'ஈர்ங்கை விதிரார் கயவர்'. தாடையை உடைக்கிறவனுக்குத் தவிர வேறு யாருக்கும் ஈரக்கையைக்கூட உதறமாட்டார்களாம். கையை விதிர்த்தால் நீர் தெறிக்கிறது. இதைவிட என்ன எடுத்துக்காட்டு வேண்டும்?

* * *

> கையை விதிர்த்தால் நீர் தெறிக்கிறது

ஐயா, குறள் அழகுதான், ஆனால் அது உங்களுக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. உதறும்போது கை சட்டென்று நிற்கிறது, துளி நிலைமத்தால் போய்க்கொண்டே இருக்கிறது, அதை விரலோடு பிடித்து வைக்கிற விசை அவ்வளவு முடுக்கத்துக்குப் போதவில்லை. அங்கே வேலை செய்வது முடுக்கத்தின் அளவு, முடுக்கத்தின் மாற்றம் இல்லை. தொல்காப்பியரும் நடுக்கம் என்கிறார், நடுக்கம் என்றால் திரும்பத் திரும்ப வருவது. நமக்கு வேண்டியது ஒரே ஒரு வெட்டி இழுப்பு. விதிர்ப்பு என்று கரும்பலகையில் எழுதினால் முதலில் நான் தமிழ் வகுப்பு நடத்தி முடித்துவிட்டு அப்புறம்தான் இயற்பியலுக்கு வரமுடியும்.

'சுண்டி இழுத்தான்' என்கிறோமே, அந்தச் சுண்டு ஆகாதா என்று பார்த்தேன். அதோடு அல் விகுதி சேர்த்தால் என்ன ஆகும் என்பது உறைத்ததும் நானே விட்டுவிட்டேன்.

* * *

பிள்ளைகளுக்குத் தெரியாது, தெரியாது என்றே சொல்லிக்கொண்டிருங்கள். உந்தம் யாருக்குத் தெரிந்திருந்தது? வகுப்பில் சொல்லிச் சொல்லித்தானே இன்று தெரிகிறது. முடுக்கமும் அப்படித்தான். முடுகு என்றால் விரைதல், பாட்டில் விரைந்து ஓடும் சந்தத்துக்கு முடுகு என்றே பெயர், திருப்புகழ் பாடுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். முடுகு தன்வினை, முடுக்கு பிறவினை. அப்படியென்றால் தானாக விழும் கல்லுக்கு முடுகலா, முடுக்கமா? இதற்கு இன்னும் யாரும் எனக்குச் சரியான பதில் சொன்னதில்லை.

* * *

ஐயா கேட்டதற்கு எங்களிடம் பதில் இருக்கிறது. இலங்கைப் பாடநூலில் நாங்கள் படித்தது ஆர்முடுகல், வேகம் குறைந்தால் அமர்முடுகல். இரண்டும் முடுகுதான், முடுக்கு இல்லை. தம்பிக்கு ஒன்று சொல்லவேண்டும். 'முடுக்க' என்று தொடங்குகிற எந்தத் தொடரும் எங்கள் பிள்ளைகளுக்குப் பாதிதான் விளங்கும். உங்கள் வேகம் எங்களுக்குக் கதி, உங்கள் திசைவேகம் எங்களுக்கு வேகம். எல்லாவற்றையும்விட மோசம் நிறை. உங்களுக்கு அது கிலோகிராம், எங்களுக்கு நியூட்டன், நீங்கள் எடை என்பதைத்தான் நாங்கள் நிறை என்கிறோம். தமிழ்நாட்டுக் கணக்கொன்றை மகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போய், நிறையை நிறை என்றே எடுத்துக்கொண்டு, விடை கிட்டத்தட்டப் பத்து மடங்கு பிசகி, அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

புதுச்சொல்லாவது இரண்டு பக்கத்துக்கும் ஒன்றாக இருக்கட்டும். வெடுக்கென்று பறித்தான், வெடுக்கென்று இழுத்தான் என்று நீங்களும் சொல்வீர்கள், நாங்களும் சொல்வோம். வெடுக்கம் என்றால் என்ன?

* * *

ஆகா. முடுக்கம், வெடுக்கம், எதுகையோடு வருகிறது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒன்றுபோலக் கேட்குமே என்பது மட்டும்தான் எனக்குப் பயம். மற்றபடி என் ஓட்டு இதற்கு.

* * *

ஒலிக்குறிப்போடு அம் சேருமா? படபட, படபடப்பு. சலசல, சலசலப்பு. கலகல, கலகலப்பு. எங்கே அம்? வெடுக்கெனல் என்று வேண்டுமானால் சொல்லுங்கள். எதுகை நன்றாக இருக்கிறது என்பதற்காக இலக்கணத்தை விட்டுக்கொடுக்க முடியாது. போகட்டும், ஜெர்க்குக்கு அடுத்த மூன்று மாறுவீதங்களுக்கு ஸ்னாப், கிராக்கிள், பாப் என்று பாதி விளையாட்டாகப் பெயர் வைத்திருக்கிறார்களே, அவற்றுக்கு என்ன செய்வதாக உத்தேசம்? படக்கம், சடக்கம், பொடுக்கமா?

* * *

அந்த மூன்றும் ஒன்பதாம் வகுப்பில் வராது ஐயா, நான் பிழைத்தேன். இரவு பதினொன்று ஆகிறது. வெடுக்கத்துக்கு நான்கு பேர், விதிர்ப்புக்கு ஒருவர், 'ஜெர்க் என்றே எழுது, குடியா முழுகிவிடும்' என்று தனிமடலில் ஒருவர். முதல் இடத்தில் 'முடுக்க மாறுபாட்டு வீதம், அதாவது வெடுக்கம்' என்று போட்டுவிட்டு மீதிப் பதினாறிலும் வெடுக்கம் என்றே அனுப்பிவிட்டேன்.

* * *

பத்து நாள் கழித்து ஒரு தகவல். காணொளியை வகுப்பில் போட்டேன். சொல்லைப் பற்றி ஒரு பிள்ளைகூடக் கேட்கவில்லை. ஆனால் கணக்கில் மாட்டிக்கொண்டேன். பிரேக் பிடிக்கும்போது முடுக்கம் −2 மீ/வி², வண்டி நின்றதும் சுழி, இந்த மாற்றம் 0.1 விநாடியில் நடந்தால் வெடுக்கம் +20 மீ/வி³. ஒரு பெண் எழுந்து, 'வண்டி நிற்கிறது, வெடுக்கம் எப்படி சார் கூட்டல் குறியில் வரும்? வெடுக்கென்றால் பறிப்பதுதானே?' என்று கேட்டாள். பறிபோனது பிரேக்கின் இழுப்பு, அதனால்தான் உடம்பு பின்னால் போகிறது என்று சொல்லிப் பார்த்தேன். பாதி வகுப்பு தலையாட்டியது.

* * *

விதிர்ப்பு என்று வைத்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.