சவர நுரையைக் காப்பாற்றுவதா, சுற்றுக்குச் சுற்று புதிதாகக் கலக்குவதா?

ஜெலுத்தோங்_வாசி:
போன வாரம் இங்கே ஒரு தம்பி, "ஒரே சவரத்துல முகத்தை மூணு சுற்று மழிக்கிறேன், மூணாவது சுற்று வர்றதுக்குள்ள நுரை தீர்ந்துபோகுது, என்ன செய்ய?" என்று கேட்டிருந்தார். எல்லாரும் "இன்னும் கொஞ்சம் சோப்பு எடுங்க" என்றே சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நுரை தானாகத் தீர்வதில்லை. நாம்தான் அதை முகத்தில் காயவிடுகிறோம், மிச்சத்தைக் குழாயடியில் கழுவி ஊற்றுகிறோம்.

நான் செய்வதைச் சொல்கிறேன். பிரஷ்ஷை நனைத்து, இரண்டு உதறு உதறி, சோப்பின் மேல் அரை நிமிஷம் சுற்றுவேன். அப்புறம் கிண்ணத்தில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குவேன். குமிழி கண்ணுக்குத் தெரியாமல், கெட்டித் தயிர் மாதிரி பளபளவென்று வந்ததும் நிறுத்திவிடுவேன். முகம் முழுக்க ஒரேயடியாகப் பூசுவது கிடையாது. வலது கன்னத்தில் பூசி மழித்துவிட்டு, அப்புறம்தான் இடது கன்னம், அதன் பிறகு தாடை, கழுத்து. நடுவில் பிரஷ் கிண்ணத்து நுரைக்குள்ளேயே படுத்திருக்கும். கிண்ணம் சுடுதண்ணி ஊற்றிய பெரிய மங்குக்குள் உட்கார்ந்திருக்கும். கடைசிச் சுற்றில் பிரஷ்ஷின் அடியை விரலால் பிதுக்கினால் ஒரு முகத்துக்குக் காணும் அளவு நுரை வரும். பெரும்பாலோர் வீணாக்குவது இந்த நுரையைத்தான்.

2024 ஜனவரி 10 முதல் 14 வரை பினாங்கில் தண்ணீர் தடைப்பட்டதே, அந்த நாட்களில் ஒரே ஒரு குவளைத் தண்ணீரில் மூன்று சுற்றும் முடித்தேன். ரேஸரைக் குவளையில் அலசினாலே போதும். எங்கள் வீட்டு பேசின் குழாயை வாளி வைத்து அளந்தேன், நிமிஷத்துக்கு 6 லிட்டர் ஓடுகிறது.

செந்தூல்_தம்பி:
அண்ணே, கேள்வி கேட்டவன் நான்தான். தண்ணீர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, குழாயை மூடிவிடுகிறேன். நுரை விஷயத்தில் மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. 100 கிராம் சவர சோப்பு எனக்கு நாலு மாசத்துக்கு மேல் வருகிறது. மிச்சம் பிடித்தாலும் ஒரு நாளைக்குச் சில சென்தான். அந்தச் சில சென்னுக்காகக் கழுத்தைப் பணயம் வைக்க வேண்டுமா? மூன்றாவது சுற்றில்தான் முடி வளரும் போக்குக்கு எதிராகக் கத்தி போகிறது. அங்கே மெலிந்துபோன நுரையைப் பூசி மழித்து, இரண்டு வாரம் கழுத்தில் சிவப்புக் கொப்புளத்தோடு வேலைக்குப் போனேன். இப்போது ஒவ்வொரு சுற்றுக்கும் மறுபடி பத்து விநாடி சோப்பைத் தொட்டுக்கொள்கிறேன். நேரமும் அதிகம் பிடிப்பதில்லை.

பிரிக்பீல்ட்ஸ்_நாற்காலி:
இருபத்திரண்டு வருஷமாகக் கடையில் நிற்கிறேன். இரண்டு பேர் சொல்வதிலும் பாதிப் பாதிதான் சரி.

நுரை எதற்கு? முடி தண்ணீரைக் குடித்து மெத்தென்று ஆக வேண்டும், அதற்கு இரண்டு மூன்று நிமிஷமாவது வேண்டும். அதுவரை தண்ணீரை முகத்தில் நிறுத்தி வைப்பதுதான் நுரையின் வேலை. காய்ந்த நுரை வெள்ளையாகத் தெரிந்தாலும் அதில் ஈரம் இருக்காது, பிளேடு இழுக்கும். எங்கள் கடையில் ஏர்கோன் ஓடுகிறது. ஒரு கன்னத்தை முடிப்பதற்குள் மறு கன்னம் காய்ந்துவிடும். அதற்காக நான் புது நுரை கலக்குவதில்லை. பிரஷ் நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டு, காய்ந்த இடத்தில் நாலு சுற்றுச் சுற்றுவேன். நுரை உயிர் பெற்றுவிடும். தம்பி, நீங்கள் சோப்பைத் தொடுவதாகச் சொல்லும் இடத்தில் முக்கால்வாசி நேரம் ரெண்டு சொட்டுத் தண்ணீர்தான் தேவைப்பட்டிருக்கும்.

ஜெலுத்தோங் அண்ணனுக்கு ஒன்று. கிண்ணத்திலேயே எல்லா நுரையையும் கட்டிவிட்டால், முகத்தில் பிரஷ் சுற்றுகிற வேலை குறைந்துபோகும். படுத்திருக்கிற முடியை எழுப்புவது அந்தச் சுற்றுதான். கிண்ணத்தில் பாதி கலக்குங்கள், மீதியை முகத்தில் கலக்குங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சிக்கனம் என்று சொல்லி ரேஸரில் வழித்த நுரையை மறுபடி முகத்தில் பூசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் முடித்தூளும் தோலும் சில நேரம் ரத்தமும் இருக்கும். தன் முகமே ஆனாலும் வேண்டாம்.

பிறை_சோப்பு:
சோப்புக்கான கொழுப்பு அமிலம் தயாரிக்கிற ஆலையில் வேலை செய்கிறேன். சுடுதண்ணி மங்கு விஷயத்தில் ஜெலுத்தோங் அண்ணனோடு எனக்குச் சண்டை உண்டு.

குமிழிகளுக்கு நடுவே இருக்கும் தண்ணீர் கீழே வடியும்போதுதான் நுரை உடைகிறது. சூடு ஏற ஏறத் தண்ணீர் இளகி வேகமாக வடியும், ஆவியாகவும் போகும். முகத்துக்கு இதமாக இருக்கிறது என்பது உண்மை. ஆனால் நுரை நீடிக்க வேண்டும் என்றால் சூடுதான் எதிரி. குளியல் சோப்பில் நுரை சீக்கிரம் அடங்குவதற்குக் காரணம் வேறு. தேங்காய் எண்ணெய் வகைச் சோப்பு பெரிய குமிழியைச் சட்டென்று கிளப்பும், அதே வேகத்தில் உடையும். ஸ்டியரிக் என்ற கொழுப்பு அமிலம் சின்னக் குமிழியைக் கட்டும், அது நிற்கும். அதனால்தான் சவர சோப்பில் ஸ்டியரிக் அதிகம். சோடியம் காரத்தோடு பொட்டாசியம் காரமும் சேர்ப்பார்கள், சோப்பு இளகித் தண்ணீரோடு சுலபமாகக் கலக்கட்டும் என்று.

தண்ணீரும் கணக்கில் வர வேண்டும். ஊரில் மாமா வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கடினம், அதில் இதே சோப்பு திரிந்து படியும். அங்கே போனால் செந்தூல் தம்பி கட்சிதான், கூட எடுக்காமல் முடியாது.

ஜெலுத்தோங்_வாசி:
நேற்று இரண்டு கிண்ணத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று சுடுதண்ணி மங்கில், ஒன்று சும்மா பேசின் ஓரத்தில். பத்து நிமிஷத்தில் சுடுதண்ணி நுரையில் மேலே பெரிய பெரிய குமிழி, அடியில் பால் மாதிரித் தண்ணீர். மற்றது அப்படியே இருந்தது. ஆக மங்கை விட்டுவிட்டேன். இத்தனை வருஷம் அதை அப்பா சொன்னதற்காகச் செய்துகொண்டிருந்தேன். அவர் சவரம் செய்தது கேமரன் மலையில், விடியற்காலைக் குளிரில். இந்தத் தீவில் அந்தக் குளிர் ஏது?

பிதுக்குகிற விஷயத்தை மட்டும் விடமாட்டேன். தம்பி, பிரஷ்ஷைப் பிதுக்கிப் பார்த்தீர்களா?

செந்தூல்_தம்பி:
பார்த்தேன் அண்ணே. ஒன்றும் வரவில்லை, வெறும் தண்ணீர்தான் வந்தது. பன்றிமுடி பிரஷ், வாங்கி இரண்டு வாரம் ஆகிறது.

பிரிக்பீல்ட்ஸ்_நாற்காலி:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே தம்பி! புதுப் பன்றிமுடி நுரையைத் தின்னும். நுனி இன்னும் பிளக்கவில்லை, முடி விறைப்பாக இருக்கும். ஒரு மாசமாவது பழக வேண்டும். தினமும் சவரத்துக்கு முன்னால் பத்து நிமிஷம் தண்ணீரில் ஊற வையுங்கள். சவரம் இல்லாத நாளிலும் உள்ளங்கையில் நுரை கட்டி, அலசி, உதறி, தலைகீழாகத் தொங்கவிடுங்கள். செயற்கை முடி பிரஷ்ஷுக்கு இந்தப் பாடு இல்லை. அது தண்ணீரைக் குடிக்காது, நுரையையும் அடக்கி வைக்காது.

செந்தூல்_தம்பி:
செய்கிறேன். கன்னத்துக்கு இனி நீங்கள் சொன்ன ரெண்டு சொட்டுத் தண்ணீர்தான். ஆனால் பிரஷ் பழகின பிறகும் கழுத்துக்கு மட்டும் சோப்பைத் தொட்டுக்கொள்வேன் அண்ணே. அந்த இரண்டு வாரத்தை மறக்க முடியாது.

ஜெலுத்தோங்_வாசி:
கழுத்துக்குத் தொட்டுக்கொள்ளுங்கள் தம்பி. அடுத்த மாசம் பிரஷ்ஷைப் பிதுக்கிவிட்டு வந்து சொல்லுங்கள்.